காணிக்கை உறையும் இருதயத்தின் உண்மையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் உங்கள் தாயார் ஆராதனையில் சத்தமாக ஜெபிப்பதில்லை, காணிக்கை உறையில் சில வெள்ளிகளே (ரிங்கிட்) வைக்கிறார் என்பதால் அவருடைய விசுவாசம் குறைவானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயமாக இல்லை. வேதாகமத்தின் மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, செல்வந்தர்கள் மிகுதியாகப் போட்டதைக் கண்ட பின்னரும், இரண்டு காசு போட்ட ஏழை விதவையே எல்லாரிலும் அதிகம் கொடுத்தாள் என்றார். மற்றவர்கள் மிச்சத்திலிருந்து கொடுக்க, அவளோ தன் பிழைப்புக்கு இருந்ததையே கொடுத்தாள்.

லூக்கா 18இல் இயேசு சொன்ன உவமை இன்னும் கூர்மையானது. வாரம் இருமுறை உபவாசித்து, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்த பரிசேயன் (சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதன்) அல்ல, தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே (வரி வசூலிப்பவனே) நீதிமானாக வீடு திரும்பினான். பரிசேயன் செய்தவை தீயவை அல்ல என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். அவற்றைக் கொண்டு பிறரைத் தாழ்வாக அளந்ததே அவன் பிழை.

ஆகவே, உரக்க ஜெபிப்பவர்களையோ, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏந்துபவர்களையோ வேடதாரிகள் என்று நாம் தள்ளிவிடவும் கூடாது. மத்தேயு 6 தடுப்பது, மனிதர் காண வேண்டும் என்னும் நோக்கத்தை. வேலைக்குப் புறப்படுமுன் தாயார் தனியே முழங்கால் படியிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவை நோக்கி ஜெபிக்கும்படி அதே அதிகாரம் கேட்பது அதைத்தான்.