பூட்டிய வீட்டைக் காட்டுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாம்பரத்தை அடுத்த சேலையூரில் என் பெற்றோர் 1988-இல் கட்டிய தனி வீடு, அம்மா மறைந்த பின் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டியே கிடக்கிறது. நானும் தம்பியும் அதை விற்க முடிவு செய்திருக்கிறோம். சுவர்களின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது; கூடத்தில் பழைய மொசைக் தரை. முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்து டைல்ஸ் பதித்தால் விலை ஏறும் என்கிறார் தரகர். அவ்வளவு செலவு தேவைதானா? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: டைல்ஸ் வேண்டவே வேண்டாம், பெயிண்ட் வேண்டியிருக்கலாம், ஆனால் அது கடைசி வேலை.

முதலில் உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாக மாறிவரும் தெரு என்றால், உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மனைக்காகவே வருவார்கள். அவர்களுக்காகச் சுவரில் போடும் பணம் அப்படியே மண்ணோடு போகும். அத்தகையவர்களுக்குக் காட்டக் கொல்லையில் வளர்ந்த புதரை வெட்டி, நான்கு எல்லைகளும் கண்ணுக்குத் தெரியும்படி செய்து, அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வைத்தாலே போதும். குடியிருக்க வாங்குபவர் வரும் வாய்ப்பு உண்டு என்று தோன்றினால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

உப்புப் பூத்த சுவரின் மீது பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், சில மாதங்களுக்குள், சில சமயம் வீடு விலைபோவதற்கு முன்பே, அது கொப்பளித்து உரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை: குளியலறையை ஒட்டிய சுவராக இருந்தால் குழாய்க் கசிவு; கூரையை ஒட்டிய கறையாக இருந்தால் மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கு அல்லது அடைபட்ட மழைநீர்க் குழாய்; தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு எல்லாச் சுவர்களிலும் ஒரே சீராக இருந்தால் நிலத்தடி ஈரம். முதல் இரண்டையும் நல்ல பிளம்பரும் கொத்தனாரும் அதிகச் செலவின்றிச் சரிசெய்துவிடுவார்கள். பிறகு உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, ஏறத்தாழ ஒரு மாதம் காயவிட்ட பின்பே பிரைமரும் பெயிண்டும் அடிக்க வேண்டும். மூன்றாவது வகை ஈரத்தை முற்றிலும் போக்குவது பெரிய வேலை. அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லி, விலையில் சிறிது விட்டுக்கொடுப்பதே நல்லது. ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால், வீடு பார்த்துப் பழகியவர் அந்தச் சுவரைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார்.

மொசைக் தரையைத் தொடாதீர்கள். பாலிஷ் போடும் இயந்திரம் வைத்திருப்பவரை அழைத்து ஒருமுறை தேய்க்கச் சொன்னால், டைல்ஸுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியில் அது மீண்டும் பளபளக்கும். நாற்பது ஆண்டுக்கு அருகில் வந்தும் வெடிக்காத தரை, வீட்டின் அடித்தளத்துக்கு அதுவே தரும் நற்சான்றிதழ். அதை ஏன் மூட வேண்டும்?

பூட்டிய வீட்டுக்கே உரிய ஒரு கோளாறு நாற்றம். குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடைக்குக் கீழே உள்ள டிராப்பில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. வீடு பூட்டியிருக்கும்போது அந்த நீர் வற்றிப்போக, நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வருகின்றன. வாரம் ஒருமுறை ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு வாளி நீர் ஊற்ற, அருகிலிருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் துருநீர் போகும் வரை திறந்துவிடச் சொல்லுங்கள். வீடு பார்க்க வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர் குழாயைத் திறந்து, நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்காமல் போகமாட்டார். மின் இணைப்பையும் உயிரோடு வைத்திருங்கள்.

கூடத்தில் மாலையிட்ட பெற்றோர் படங்கள் இருந்தால் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். புது வாழ்க்கை தொடங்க வருபவர்கள் அவற்றின் முன் சற்றுத் தயங்குவது இயல்பு. பரணில் உள்ள பழைய பாத்திரங்கள், இரும்புக் கட்டில் எல்லாவற்றையும் அகற்றினால் அறை தானே பெரிதாகத் தெரியும்.

இன்னொன்று: தென்சென்னைப் புறநகரில் வீடு பார்க்க வருபவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்பார், கேட்காவிட்டாலும் தெருவில் விசாரிப்பார். வந்திருந்தால் எவ்வளவு உயரம் என்பதோடு சொல்லிவிடுங்கள். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைத் தெரிவிப்பது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி அவருடைய கடமை. வரவில்லை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வீட்டைக் காட்டுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டின் சமையலறை வடகிழக்கில் இருக்கிறது. விற்பதற்கு முன் அதைத் தென்கிழக்குக்கு மாற்றிக் கட்டலாமா? – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: வேண்டாம். வாஸ்து பார்ப்பவர் தம் ஆலோசகரை அழைத்துக்கொண்டே வருவார்; நீங்கள் மாற்றியதிலும் அவர் ஒரு குறை காண்பார். பார்க்காதவருக்கோ அது பொருட்டே இல்லை. மேலும், அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து கட்டடம் மாறியிருந்தால், வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போகும்போது மதிப்பீட்டுப் பொறியாளர் அதைக் குறிப்பெழுதக்கூடும்.

கேள்வி: வீடு பார்க்க வருபவர்களிடம் எந்தெந்த ஆவணங்களைக் காட்ட வேண்டும்? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: மூலப்பத்திரம், உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், பட்டா, அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள். பெற்றோர் வழி வந்த வீடானால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அதில் சேர வேண்டும். பட்டாவை வாரிசுகள் பெயருக்கு முன்னதாகவே மாற்றிவிட்டால் பேச்சுவார்த்தை பாதியில் நிற்காது. வெறும் பார்வைக்கு வருபவரிடம் கோப்பை நீட்ட வேண்டியதில்லை. இரண்டாம் முறை வருபவரிடம் கொடுங்கள். அசல் பத்திரம் மட்டும், தரகர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், அவர் கைக்குப் போகக்கூடாது.