இரண்டாம் பாகம் எப்போது வரும்? – பழைய ஆபரேட்டரின் பதில்கள்

(‘இரண்டாம் பாகத்துக்காக நீங்கள் காத்திருக்கும் படம் எது?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்கிறவர், தென்மாவட்டத் தியேட்டர் ஒன்றில் 27 ஆண்டுகள் ஆபரேட்டராக வேலை பார்த்தவர்.)

‘ஆயிரத்தில் ஒருவன்’ இரண்டாம் பாகம் 2024இல் வரும் என்று 2021 புத்தாண்டு அன்று அறிவித்தார்கள். செல்வராகவன் இயக்கத்தில் தனுஷ் நடிப்பதாகப் போஸ்டரும் வந்தது. 2024 போயே போய்விட்டது. எங்கள் விடுதியில் இதைப் பேசாத வாரம் இல்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா ஐயா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், மகளே. ஆனால் அந்தப் போஸ்டரில் ஆண்டைப் போட்டிருக்கக் கூடாது. முன்தயாரிப்புக்கு மட்டுமே ஓராண்டு பிடிக்கும் என்று தனுஷே அன்று சொல்லியிருந்தார். அரங்கம் போடவில்லை, ஆள் சேர்க்கவில்லை, ஒரு நாள் படப்பிடிப்புகூட நடக்கவில்லை. அந்த நிலையில் ‘2024’ என்று அச்சடித்துவிட்டால், பார்க்கிறவர் மனதில் அது நாள் குறித்த கல்யாணப் பத்திரிகை ஆகிவிடுகிறது. நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். அந்தக் கோபம் அறிவிப்பின் மீது இருக்கட்டும், படத்தின் மீது வேண்டாம்.

இந்தப் படத்துக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2010 பொங்கலுக்கு இதன் பெட்டி எங்கள் தியேட்டருக்கு வந்தது. மூன்று மணி நேரப் படம். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் 16,000 அடிக்கு மேல். தீவை நோக்கிப் போகும் பயணம் வரை கூட்டம் கைதட்டியது, விசில் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு சோழர்கள் வந்தார்கள். பார்த்திபன் பழந்தமிழில் பேச ஆரம்பித்ததும் கீழே சலசலப்பு. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பிடிபடாமல் ஆள்கள் எழுந்துபோனார்கள். கேபினில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொரு தலையாகக் கதவை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலைக் காட்சிக்கு முன்பு மேனேஜர் மேலே ஏறி வந்தார். ‘இரண்டாம் பாதியில் ஒரு ரீலை எடுத்துவிடு, இரவுக் காட்சிக்கு நேரமாகிறது’ என்றார். அப்போது அது பல தியேட்டர்களில் நடக்கிற காரியம். பட்டினியில் வாடும் சோழ மக்களும் அவர்கள் மன்னனும் வரும் ரீல் அது. 1,000 அடி. திரையில் 11 நிமிடம். சுருளிலிருந்து பிரித்து, டப்பாவில் வைத்து மூடி, பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அந்த வாரம் முழுவதும் அது அங்கேயே இருந்தது. காட்சி முடிந்து இறங்கும்போது பள்ளிக்கூடப் பையன் ஒருவன் படிக்கட்டில் நின்று, ‘அண்ணா, நடுவில் ஏதோ குறைகிறதே, அந்த ராஜா ஏன் அழுகிறார்?’ என்று கேட்டான். வீட்டுக்குப் போ, நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

2021 டிசம்பர் 31 அன்று படத்தை மறுபடி வெளியிட்டார்கள். மதுரைக்குப் போய் டிக்கெட் எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு இருபது வயதுதான் இருக்கும். 2010இல் எழுந்துபோனவர்களின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். பார்த்திபன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பேசப்போவதை இவர்கள் ஒப்பித்தார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் தள்ளிய அந்த 11 நிமிடம் வந்தபோது அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் பாகம் தாமதமானதற்கான முதல் காரணம் அந்த 2010இல் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்று நீங்கள் கொண்டாடுகிற மாதிரி அன்று நாங்கள் கொண்டாடியிருந்தால், பணம் போடுகிறவர் அப்போதே அடுத்த பாகத்துக்குத் துணிந்திருப்பார். பத்து ஆண்டுகள் தாமதமாக வந்த கைதட்டலுக்குப் பத்து ஆண்டுகள் தாமதமாகத்தான் போஸ்டர் வந்தது.

கார்த்தி இல்லாமல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ இரண்டாம் பாகத்தை எடுக்கலாமா?
– நகைக்கடை ஊழியர், மதுரை

எடுக்கலாம். முதல் பாகம் சோழ இளவரசனான சிறுவனைக் கார்த்தி நடித்த முத்து தூக்கிக்கொண்டு போவதோடு நிற்கிறது. அடுத்தது அந்தச் சிறுவனின் கதை. ஆனால் முத்து என்ன ஆனான் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மழுப்பினால் நானே எழுந்துபோய்விடுவேன்.

28 ஆண்டுகள் கழித்து ‘இந்தியன்’ இரண்டாம் பாகம் வந்து மனதை நோகடித்ததே! இப்படி இழுத்தடித்து எடுப்பதைவிட முதல் பாகத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, ‘இழுத்தடித்து’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் பாகம் 1996 மே 9. அதை நான் ஓட்டியிருக்கிறேன். சேனாபதி தாத்தா இரண்டு விரலை மடக்கி வர்மம் பிடிக்கிற காட்சி வந்தால், இறங்கிப்போகும் பையன்கள் ஒருவர் கழுத்தில் ஒருவர் விரலை வைத்துக்கொண்டே போவார்கள். இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு 2019 ஜனவரியில் தொடங்கியது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். திரையில் முகம் தெரியாமல், படத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர்கள் அவர்கள். அடுத்த மாதமே ஊரடங்கு. பிறகு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் நீதிமன்றத்தில் வழக்கு. 2021 ஏப்ரலில் விவேக் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நெடுமுடி வேணு. முதல் பாகத்தில் சேனாபதியைத் துரத்துகிற சிபிஐ அதிகாரி அவர்தான். படப்பிடிப்பு மறுபடி தொடங்க 2022 ஆகஸ்ட் ஆகிவிட்டது. 2023 மே மாதம் மனோபாலாவும் போய்விட்டார்.

2024 ஜூலை 12 அன்று படம் வந்தபோது மூவரையும் திரையில் பார்த்தேன். விவேக்கும் வேணுவும் நடித்துவைத்துவிட்டுப் போனது போக மீதியை வேறு ஆள்களின் உடலையும் கணினி வரைகலையையும் வைத்து நிரப்பியிருந்தார்கள். கதை எங்கே போகிறது என்று அப்போது கவனிக்கத் தோன்றவில்லை. விவேக்கின் குரல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்காதா என்றுதான் இருந்தது. ஒரு படம் தாமதமாவதென்றால் என்ன என்று எனக்கு அந்த இருக்கையில்தான் உறைத்தது. காத்திருக்கும்போது நமக்கு வயதாகிறது. படத்துக்குள் இருக்கிறவர்களுக்கும் வயதாகிறது, சிலர் இல்லாமலே போய்விடுகிறார்கள்.

படம் உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் தாமதம் இல்லை. 1996இல் லஞ்சம் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. சான்றிதழ் கேட்டுப்போன அத்தனை பேரும் அந்த மேசையைப் பார்த்திருந்தார்கள், அதனால் தாத்தா யாரைக் குத்தினாலும் கைதட்டினார்கள். புதிய படத்தில் அந்த மேசை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கூடுதலாக ஓராண்டு எடுத்துக்கொண்டிருந்தால்கூட நான் காத்திருந்திருப்பேன்.

இன்னொன்று. மூன்று மணி நேரம் நீளம் என்று சொல்லி, வெளியான சில நாள்களில் சுமார் 12 நிமிடத்தைக் குறைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் என் பெஞ்சுக்கு அடியில் கிடந்த டப்பா நினைவுக்கு வந்தது.

‘வட சென்னை’யின் அடுத்த பாகம்? அன்புவின் எழுச்சி என்று படத்தின் கடைசியில் போட்டார்களே!
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

போட்டார்கள். 2018 அக்டோபரில் நானும் பார்த்தேன். வெற்றிமாறன் நடுவில் சும்மா இருக்கவில்லை: 2019இல் ‘அசுரன்’, 2023இல் ‘விடுதலை’, 2024இல் அதன் இரண்டாம் பாகம். ‘விடுதலை’ ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற சிறுகதையிலிருந்து வந்தது. சிறிய படமாகத் தொடங்கி, வளர்ந்து வளர்ந்து இரண்டு பாகமாகிவிட்டது. எடுக்க எடுக்கக் கதை பெருகிக்கொண்டே போகிற கை அது. அந்தக் கைக்குக் கெடு வைத்திருந்தால் வட சென்னையின் சந்துகள் அவ்வளவு நிஜமாக வந்திருக்காது. அங்கேயே குடியிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாமதமாகி வந்தும் நன்றாக அமைந்த இரண்டாம், மூன்றாம் பாகம் ஏதாவது உண்டா? எங்கள் அலுவலகத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்சி.
– மருந்து விற்பனைப் பிரதிநிதி, கோவை

‘உண்டு’ கட்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்’ வரிசையில் மூன்றாவது படம் 1985. நான்காவது 2015. முப்பது ஆண்டுகள். 2000களின் தொடக்கத்திலேயே எடுக்கக் கிளம்பினார். டாலரின் மதிப்பு சரிந்து பட்ஜெட் சுருங்கியது, இராக் போர் வந்தது, படம் நின்றது. முதல் மூன்று படங்களின் கதாநாயகன் மெல் கிப்சன் வயதைத் தாண்டிப்போய், அவர் இடத்துக்கு டாம் ஹார்டி வந்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பக்கம் பாலைவனத்தைப் பார்த்துவைத்தார்கள். அங்கே பெரும் மழை கொட்டி, செம்மண் முழுக்கப் பூ பூத்துவிட்டது! உலகம் வறண்டுபோன கதையைப் பூந்தோட்டத்தில் எப்படி எடுப்பது? மூட்டை கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போனார்கள். 2012இல் அங்கே படமாக்கினார்கள்.

இந்த முப்பது ஆண்டுகளில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். படத்தை ஓவியமாக வரைந்து வைத்திருந்தார். சுமார் 3,500 சட்டங்கள். எடுத்து முடித்தபோது சுமார் 480 மணி நேரம் ஓடும் அளவுக்குக் காட்சிகள் கையில் இருந்தன. அதை இரண்டு மணி நேரமாகச் செதுக்கியவர் மில்லரின் மனைவி மார்கரெட் சிக்செல். படத்துக்கு ஆறு ஆஸ்கர் விருதுகள், படத்தொகுப்புக்கானது அவருக்கு. பிலிமை வெட்டி ஒட்டியே காலம் தள்ளிய எனக்கு, அந்த 480 மணி நேரத்தை நினைத்தாலே கை வலிக்கிறது. அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஆகவே உங்கள் ‘இல்லை’ கட்சிக்காரர்களிடம் இதைக் கேளுங்கள்: காத்திருக்கும் காலத்தில் அங்கே வேலை நடக்கிறதா, வெறும் போஸ்டர்தான் மாறுகிறதா?

என் மகன் இரவெல்லாம் விழித்திருந்து, படம் ஏன் வரவில்லை என்று இயக்குநரை வாய்க்கு வந்தபடி ஏசி எழுதுகிறான். சொன்னால் கேட்பதில்லை.
– இல்லத்தரசி, திண்டுக்கல்

அவன் கேட்பது தவறில்லை, அம்மா, ஏசுவது தவறு. எழுதுகிறவர் மேசையில் காகிதம் வெள்ளையாக இருக்கிற நாள்களில் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். முதல் பாகத்தில் எந்தக் காட்சி பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இங்கே அனுப்பினால் நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.

படப்பெட்டி வராமல் கூட்டம் காத்திருந்த நாள் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?
– தேநீர்க் கடைக்காரர், தேனி

1990களில் ஒரு தீபாவளி. காலை 10 மணிக்கு முதல் காட்சி. மதுரையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் பெட்டி வர வேண்டும், வரவில்லை. புதுச் சட்டையில் மஞ்சள் காயாத பையன்கள் கேட்டை உலுக்கினார்கள். மேனேஜர் வெளியே போய், ‘11 மணிக்கு வந்துவிடும்’ என்றார். 11க்குப் போய், ‘12’ என்றார். 12க்குப் போனபோது யாரோ கல்லை விட்டெறிந்தார்கள், டிக்கெட் கவுன்டர் கண்ணாடி போய்விட்டது. அவர் உள்ளே ஓடிவந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நான் இறங்கிப்போனேன். எண்ணெய்க் கையோடு கேட்டின் மேல் ஏறி நின்று, ‘பெட்டி எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. ஆள் போயிருக்கிறான். வந்தவுடன் மணி அடிக்கிறேன். போகிறவர்களுக்குக் காசு திருப்பித் தருவோம்’ என்றேன். காசு தரும் அதிகாரம் எனக்குக் கிடையாது, வாயில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, ‘இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா?’ என்றார் ஒரு பெரியவர். காசு கேட்டு வந்தவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் எதிரே புளியமரத்தடிக்குப் போனார்கள். வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன, மிச்சமிருந்த வெடியைக் கொளுத்தினார்கள். எனக்கும் ஒரு பையன் வாழை இலையில் இரண்டு அதிரசம் கொண்டுவந்து தந்தான்.

மூன்றே முக்காலுக்கு பஸ் வந்தது. கூரையிலிருந்து பெட்டியை இறக்க இரண்டு பேர் போதும், இருபது பேர் ஏறினார்கள். நான் மாடிக்கு ஓடிப்போய் மணியை அடித்தேன்.