தயிரிலும் கேப்சூலிலும் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு குடலைச் சென்றடைகின்றனவா?

ஒரு பகுதி சென்றடைகிறது. அது எவ்வளவு என்பது பாக்டீரியாவின் இனத்தையும், வயிற்றில் அப்போது உணவு இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

முதுகலையில் நுண்ணுயிரியல் படித்தபோது, வீட்டுத் தயிரிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை, வெறும் வயிற்றின் அமிலத்துக்கு நிகராகப் பி.எச். 2 அளவில் (இந்த எண் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும்) கலந்த கரைசலில் ஒரு மணி நேரம் வைத்திருந்து பெட்ரி தட்டில் பரப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அமிலம் படாத தட்டில் எண்ணவே முடியாதபடி வெண்ணிறப் புள்ளிகள் நெருங்கி வளர்ந்திருந்தன. அமிலத்தில் கிடந்ததைப் பரப்பிய தட்டிலோ ஓரமாக நான்கைந்துதான். ஆனால் சாப்பாடு உள்ளே போனதும் அமிலத்தின் கடுமை தணிந்து, பி.எச். 4-க்கு மேலும் உயரும். ஆகவே தயிரைச் சோற்றோடு பிசைந்து உண்பது, அதிலுள்ள உயிர்களுக்கு உண்மையிலேயே ஒரு பாதுகாப்பு.

இரைப்பையைத் தாண்டியவற்றுக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் காத்திருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகள் பாக்டீரியாவின் மேலுறையையும் சிதைத்துவிடும். தயிர் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி இங்கே மடிகிறது. அமிலம், பித்தம் இரண்டையும் தாங்குகிறதா என்று பார்த்தே, 1980-களில் கோர்பாக், கோல்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் குடலிலிருந்து 'ஜி.ஜி.' என்ற லாக்டோபேசில்லஸ் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் எழுதித் தரும் சிறு பிளாஸ்டிக் குப்பியில் இருக்கும் பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா இன்னும் உறுதியானது. தடித்த உறைக்குள் உறங்கும் ஸ்போர்களாக அது வருவதால் அமிலம் எளிதில் துளைக்காது.

உயிரோடு போய்ச் சேர்வது வேறு, அங்கே குடியேறுவது வேறு. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018-இல், 11 வகை நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு அடங்கிய புரோபயாடிக் என்ற தயாரிப்பைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, மலத்தோடு நிற்காமல், எண்டோஸ்கோபி வழியாகக் குடற்சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். சிலருடைய குடலில் அவை ஒட்டிக்கொண்டன. சிலருடைய குடல் ஏற்கவே இல்லை. மலத்தைப் பார்த்து மட்டும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியவில்லை. அதே குழுவின் இன்னோர் ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பி வரக் கூடுதல் காலம் பிடித்தது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில வகைகள் உதவுவதும் உண்மைதான். எனவே ஆன்டிபயாடிக்கோடு கேப்சூலும் எழுதப்பட்டிருந்தால், எந்த இனம், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.