கண்ணாடிக்குக் காது கிடையாது, தம்பி

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம். தூர்வாராத வாய்க்கால் பற்றி அடுத்த மாதம் விவசாயிகள் கூட்டத்தில் 3 நிமிடம் பேச வேண்டும். சர்ச்சில், மார்ட்டின் லூதர் கிங், நேரு பேச்சுகளை செல்போனில் கேட்டு, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறேன் (வீட்டில் பகலில் தாத்தா மட்டும்தான், அவருக்குக் காது மந்தம்). மேடையில் குரல் உள்ளே போய்விடுகிறது. யாரைப் பின்பற்றலாம்?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒரு பெரியவரை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அவரிடமிருந்து ஆரம்பிப்போம். கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரப்போவது அவர் வயதுக்காரர்கள்தான். காதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்; மைக் வேறு கரகரக்கும். பெற்று வளர்த்த வீட்டில் ஒரு கிழவருக்கு நாலு வார்த்தை நிறுத்திச் சொல்ல அலுத்துக்கொண்டு, ஊருக்காகப் பேசக் கிளம்புவதை என்னால் மெச்ச முடியாது.

குரல் உள்ளே போகக் காரணம் பயம் மட்டுமில்லை. 'தண்ணீர் வந்தது', 'தண்ணீர் வரவில்லை' இரண்டுக்கும் வித்தியாசம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. மூச்சை முதல் பாதியிலேயே செலவழித்தால் வால் தொண்டைக்குள் போய்விடும். ஆங்கிலத்தில் 'இல்லை' முன்னாலேயே வந்துவிடுவதால் கடைசியில் குரல் தாழ்ந்தாலும் நஷ்டமில்லை. அந்த இழுப்பைத் தமிழில் போட்டால் நீங்கள் புகார் சொல்கிறீர்களா, நன்றி சொல்கிறீர்களா என்றே தெரியாது.

கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் 'எனக்கொரு கனவு உண்டு' என்பதை வாக்கியத் தொடக்கத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னார். நீங்கள் முடிவில் திருப்புங்கள்: 'மேட்டூர் திறந்தாச்சு, எங்க வயலுக்குத் தண்ணி வரலை. நாத்து விட்டாச்சு, தண்ணி வரலை. நாத்து காயுது, தண்ணி வரலை.' மூன்று போதும். நாலாவது தடவை சொன்னால் ஆள் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

சர்ச்சில் கையில் வைத்திருந்த தாளில் பேச்சு செய்யுள் மாதிரி வரி வரியாக உடைந்திருக்கும். அதைச் செய்யுங்கள்: ஒரு மூச்சுக்கு ஒரு வரி, வரிக்கு ஐந்தாறு சொல். லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் ஏறக்குறைய 270 சொல்லில் முடித்தார். உங்களுக்கு 240 தாராளம். நேருவின் நள்ளிரவு உரை வாய்க்காலுக்கு ஆகாது, விடுங்கள். (ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன சீனிவாச சாஸ்திரி 1869-இல் பிறந்ததே உங்கள் வலங்கைமானில். உங்கள் பட்டியலில் அவரைக் காணோம்!)

இன்று சாயங்காலமே தாத்தாவுக்கு எதிரே, ஆறடி தள்ளி, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். கத்தாதீர்கள்; கத்தினால் சொல் சிதைந்து அவருக்கு இன்னும் புரியாது. நிதானமாக, வாக்கியக் கடைசியை அழுத்திச் சொல்லுங்கள். முடித்ததும், எந்த வாய்க்கால், என்ன கோளாறு, யார் என்ன செய்யணும் என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதை விடுகிறாரோ அந்த வரியைச் சுருக்கி மாற்றி எழுதுங்கள்.

அந்த வாய்க்காலைக் கடைசியாக எந்த வருஷம் தூர்வாரினார்கள், எந்த மதகில் பலகை போய்விட்டது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் வருஷத்தை நீர்வளத்துறை அலுவலகத்தில் சரிபார்த்துக்கொண்டு, பேச்சின் முதல் வரியாக வையுங்கள்.