விடிகாலையில் மட்டும் வேற்றுமொழி எஃப்.எம். வருவது ஏன்?

ரேடியோவில் பழுது இல்லை, கழற்றிவிடாதீர்கள். உள்ளூர் நிலையம் இருந்த இடத்தில் விடிகாலையில் வேற்றுமொழிப் பாட்டு வந்து, வெயில் ஏறியதும் மறைகிறது என்றால் பெரும்பாலும் அது வானிலையின் வேலைதான்.

காற்று அசையாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும். அதன்மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல நிற்கும். மேலே போய்த் தொலைந்துவிட வேண்டிய எஃப்.எம். அலை இந்த மூடியில் வளைந்து, தரையை ஒட்டியே ஓடும். வழக்கமாக 100 கிலோமீட்டருக்குள் அடங்கும் நிலையம் 500 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்; கடல்மேல் 1000-ஐயும் தாண்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு மோதினால் எஃப்.எம். ரேடியோ வலுவானதை மட்டும் பிடித்துக்கொள்ளும். உங்கள் நிலையம் அடியோடு காணாமல் போவது அதனால்தான்.

நாளை விடிகாலை 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வேறு இடங்களிலும் புது நிலையங்கள் முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நாள் முழுக்க, அதுவும் பக்கத்து நிலையமே இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் இது பொருந்தாது. ரேடியோவுக்கு சிக்னல் அதிகமாகித் திணறுகிறது. ஏரியலைப் பாதியாக மடக்குங்கள், சரியாகிவிடும்.