கண்ணுக்குத் தெரியாத டீசல் புகை

கேள்வி: திருகோணமலையில் கண்டி வீதியோரமாக வசிக்கிறோம். எட்டு வயது மகனுக்கு ஆஸ்துமா. அடிக்கடி முட்டு வருகிறது. தினமும் காலையில் வாசலில் லொறியைச் சூடேற்றும் என் கணவர், நைதரசன் ஈரொட்சைட்டைக் குறைக்கும் டீசல் வாகனச் சட்டங்கள் வீண்செலவு என்கிறார். உண்மையா டொக்டர்?

பதில்: வீண்செலவு அல்ல, சகோதரி. இந்த வாயு நீரில் எளிதில் கரையாததால், மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் ஆழம்வரை சென்று மூச்சுக்குழாய்களில் அழற்சியை உண்டாக்குகிறது. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்போது முட்டு கடுமையாவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் என்றிருந்த எல்லையை, உலக சுகாதார நிறுவனம் 2021இல் 10 ஆகக் குறைத்தது.

நல்ல டீசல் அடித்தால் போதுமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனே ஒட்சிசனுடன் சேர்ந்து இவ்வகை வாயுக்களாக மாறுவதால், எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இது தீராது. யூரியாக் கரைசலைத் தெளித்து அவற்றை மீண்டும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றும் கருவி போன்ற ஏற்பாடுகள் தேவை. அவற்றைப் பொருத்தவைத்தது சட்டம்தான்: ஐரோப்பாவில் டீசல் கார்கள் வெளியிடும் இவ்வகை வாயுக்களுக்குக் கிலோமீற்றருக்கு 500 மில்லிகிராமாக இருந்த எல்லை, யூரோ 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதியில் 80 ஆனது.

ஆனால் எல்லை விதித்தால் மட்டும் போதாது, ஓடும் வீதியிலும் அளக்க வேண்டும். பரிசோதனை நேரத்தில் மட்டும் இவ்வாயுக்களைக் குறைக்கும் மென்பொருளை வொக்ஸ்வேகன் நிறுவனம் உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் கார்களில் பொருத்தியிருந்தது 2015இல் அம்பலமானது. நம் நாட்டின் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் டீசல் வாகனங்களுக்குப் பார்க்கப்படுவது புகையின் கருமையே. சான்றிதழ் இருப்பதால் இவ்வாயு குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் குறையைத் திருத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மகனின் படுக்கையை வீதிப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றுங்கள். பஸ் தரிப்பிடத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் பின்னால் அவனை நிற்கவிடாதீர்கள். பெரியவர்களின் முகத்தைவிடப் பிள்ளையின் முகம்தான் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கிறது. வீதியிலிருந்து சில பத்து மீற்றர் விலகினாலே அளவு நன்றாகக் குறையும். மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை, முட்டு இல்லாத நாட்களிலும் நிறுத்த வேண்டாம். பேச முடியாமல் மூச்சுத் திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். லொறியை வாசலில் நெடுநேரம் இயங்கவிடாமல், புறப்படும்போது மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி உங்கள் கணவரிடம் இன்றே பேசுங்கள்.