ஒரு மணிக்கு டப்பா திறக்கும்போது: ஃப்ரைட் ரைஸ், பீஹூன், நாசி லெமாக் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். முதல்லயே சொல்லிடுறேன், நான் செஃப் எல்லாம் கிடையாது. சொந்த ஊர் மாயவரம், சிங்கப்பூர் வந்து 14 வருஷம் ஆச்சு, காலைல ஆறு மணிக்கு அடுப்பு பத்த வெச்சு ஏழரைக்கு எம்ஆர்டி ரயில் புடிக்கிற ஆளு. ரெண்டு டப்பா கட்டணும், எனக்கு ஒண்ணு வீட்டுக்காரருக்கு ஒண்ணு. கடாய்ல இருந்து எடுத்து ருசி பாத்துட்டு சூப்பர்னு நெனச்சுக்காதீங்க, ஒரு மணிக்கு திறக்கும்போது எப்படி இருக்கும்னுதான் பாக்கணும், நான் கத்துக்கிட்டது பூரா இதுதான். சரி கேளுங்க.

சென்னை பேச்சிலர்: அக்கா, என் ஃப்ரைட் ரைஸ் வீட்ல உதிரியா இருக்கு, ஆபீஸ்ல திறந்தா களி மாதிரி ஆயிடுது. ஏன்?

தம்பி, நீ சூடா இருக்கும்போதே மூடி போட்டுருப்ப. ஆவி மேல போய் மூடியில பட்டு தண்ணியா சொட்டி திரும்ப சாதத்து மேலயே விழுது, அப்புறம் களி ஆகாம என்ன ஆகும். வறுத்து முடிச்சதும் அகலமான தட்டுல கொட்டி பத்து நிமிஷம் விடு, ஆவி அடங்கட்டும், அப்புறம் டப்பால போடு. ஆபீஸ் போனதும் பையிலயே வெச்சிருக்காம ஃப்ரிட்ஜ்ல வெச்சிடு.

இன்னொண்ணு, சாதம் முந்தின நாள் ராத்திரியே வடிச்சதா இருக்கணும். தண்ணி வழக்கத்தை விட கொஞ்சம் கம்மியா வெச்சு வடிச்சு, தட்டுல பரப்பி ஃபேன் அடியில ஆற வெச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்தா அரிசி இறுகி மேல காஞ்சு போகும், காலைல கையால உதுத்தா முத்து முத்தா பிரியும். நம்ம வீட்டு கேஸ் அடுப்புல ஹோட்டல் மாதிரி தீ வராது, அதனால ரெண்டு பேருக்குன்னாலும் ரெண்டு தடவையா வறு. மொத்தமா கொட்டினா சூடு இறங்கி சாதம் வறுபடாம வேகுது. சோயா சாஸை சாதத்து மேல ஊத்தாத, கடாய் ஓரத்துல ஊத்து, அது சுர்ருனு பொங்கி லேசா கருகி வர்ற வாசனை இருக்கே, ருசியே அங்கதான்.

ஆபீஸ்ல மைக்ரோவேவ் இல்லன்னா பாஸ்மதி வேண்டாம், ஆறினா விறைச்சுக்கும். தாய்லாந்து ஜாஸ்மின் அரிசி ஆறினாலும் மெதுவா இருக்கும்.

கோவை அம்மா: நூடுல்ஸ் ஒரே கட்டியா ஆயிடுதுங்க. பசங்க அப்படியே திருப்பி கொண்டு வந்துடறாங்க.

ஐயோ இது என் கதைங்க. வேலைக்கு சேர்ந்த புதுசுல மஞ்சள் மீ (கோதுமை நூடுல்ஸ்தான்) வாங்கி மீ கோரெங், அதாவது மலாய் ஸ்டைல்ல வறுத்த நூடுல்ஸ் பண்ணி சூடா அமுக்கி கட்டிட்டு போனேன். மத்தியானம் ஸ்பூன் உள்ள இறங்கவே இல்ல, டப்பாவ கவுத்து தட்டினேன், சதுரமா கேக் மாதிரி பொத்துனு விழுந்துச்சு, நாலு மூலையும் அப்படியே இருக்கு. பக்கத்துல இருந்த சீனக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. ஆனா அவங்கதான் சொல்லி குடுத்தாங்க, டப்பாக்குன்னா பீஹூன் போடுன்னு.

பீஹூன்னா அரிசி சேமியா, நம்ம ஊர்ல பாக்கெட்ல வர்ற காஞ்ச அரிசி சேவை கிட்டத்தட்ட அதேதான். கொதிக்க வெக்கவே கூடாது. பச்சத்தண்ணியில 20, 25 நிமிஷம் ஊற வெச்சா வளையும் ஆனா உள்ள கொஞ்சம் விறைப்பா இருக்கும், அப்ப வடிச்சிடுங்க. பூண்டு, முட்டைக்கோஸ், கேரட் வதக்கி அரை கப் தண்ணியும் சாஸும் ஊத்தி கொதிக்கும்போது இதை போட்டா அந்த தண்ணிய குடிச்சுட்டு சரியா வேகும். ரெண்டு கரண்டி வெச்சு தூக்கி தூக்கி விடுங்க, கிண்டினா பொடிப்பொடியா ஒடஞ்சிடும். கத்தரிக்கோல்ல ரெண்டு வெட்டு வெட்டினா பசங்க சாப்பிட ஈஸி.

கோதுமை நூடுல்ஸ்தான் வேணும்னு அடம் புடிச்சா பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சு, பச்சத்தண்ணியில அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பெசறி வெச்சுக்கோங்க. அமுக்கி மட்டும் கட்டாதீங்க.

துபாய்ல இருந்து: நாங்க சுத்த சைவம். சாஸ் பாட்டில்ல எதை நம்பி வாங்குறது?

பாட்டில் பின்னாடி படிக்காம எதையும் நம்பாதீங்க. ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியில இருந்து வர்றது, காளான்ல செஞ்ச சைவ பாட்டில் தனியா இருக்கு, ருசி பெருசா கொறையாது. தாய் கறி பேஸ்ட்ல பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், காய்கறி படம் போட்டிருந்தா கூட. கொரியாக்காரங்க கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய்தானேன்னு சாப்பிடுவாங்க, மீன் சாஸோ உப்பு போட்ட இறாலோ சேக்காம செய்றது கம்மி. சோயா சாஸ் சைவம்தான், ஆனா அதுல பெரும்பாலும் கோதுமை உண்டு, கோதுமை ஒத்துக்காதவங்க கவனிங்க. மிரின்னு ஜப்பான் இனிப்பு சமையல் ஒயின் ஒண்ணு, அதுல ஆல்கஹால் இருக்கும், அது வேண்டாம்னா கொஞ்சம் சர்க்கரையும் வினிகரும் போதும்.

மதுரை: நல்லெண்ணெய்தானே எள்ளெண்ணெய், அதையே ஊத்தலாமா?

ஊத்தலாம், ஆனா அந்த வாசனை வராது. நம்ம செக்குல பச்சை எள்ளைதான் ஆட்டுறாங்க, கருப்பட்டியும் சேப்பாங்க. சீன, கொரிய எண்ணெய்க்கு எள்ளை நல்லா சிவக்க வறுத்துட்டு ஆட்டுவாங்க. அது தாளிக்கிற எண்ணெய் இல்ல, அடுப்ப அணைச்சப்புறம் அரை ஸ்பூன் விட்டா போதும். கெடைக்கலன்னா எள்ள வறுத்து நுணுக்கி தூவுங்க.

டொரான்டோ: நாசி லெமாக் ஆபீசுக்கு கொண்டு போக ஆசை அக்கா, ஆனா தேங்காய்ப்பால் கெட்டுடுமோன்னு பயம்.

பயம் நியாயமானதுதான். நாசி லெமாக்னா தேங்காய்ப்பால்ல வேக வெக்கிற மலாய் சாதம், லெமாக்னா மலாய்ல கொழுப்பு, நல்லா செழுமையா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு கப் அரிசிக்கு ஒரு கப் கெட்டி தேங்காய்ப்பால், மீதி தண்ணி, ரெண்டு பாண்டான் இலைய முடிச்சு போட்டு, ஒரு துண்டு இஞ்சி, உப்பு. பாண்டான்னு அலைய வேண்டாம், யாழ்ப்பாணத்து கடையில ரம்பைன்னு கேளுங்க, அதேதான்.

இங்க சூட்டுல தேங்காய்ப்பால் சாதம் சீக்கிரம் வெடுக்குனு ஆயிடும். காலைல வடிச்சு ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வெச்சு மத்தியானம் ஆவி பறக்க சூடு பண்ணுங்க, இல்லன்னா சூடு தாங்குற ஃபிளாஸ்க் டப்பா. அந்த டப்பால கொதிக்கிற தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் வெச்சு கொட்டிட்டு, அடுப்புல இருந்து நேரா சாதத்த வாய் வரைக்கும் நெரப்பி மூடணும், நடுவுல திறந்து பாக்கக் கூடாது. உள்ள 60 டிகிரிக்கு மேலயே இருந்தா கிருமி பெருகாது, வெதுவெதுப்பா இருக்கறதுதான் ஆபத்து. கூட தொட்டுக்கற மிளகாய் விழுது, அதான் சம்பால், அதை எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்கி ஞாயித்துக்கெழமையே செஞ்சு வெச்சிடுங்க, ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல நிக்கும். இகான் பிலிஸ்னு பெருசா சொல்றாங்களே, நம்ம நெத்திலி கருவாடுதான். பொரிச்சு கடலையோட தனி பொட்டலமா கட்டுங்க, சாதத்து மேல போட்டா நமுத்துடும்.

திருச்சி: எங்கப்பாக்கு பிரஷர். அஜினோமோட்டோ விஷம்னு சொல்றாங்க, நிறுத்திட்டா போதுமா?

விஷம் இல்லங்க. 1908ல இகெடான்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி கொம்புங்கிற கடற்பாசில இருந்து அந்த ருசிய பிரிச்சு எடுத்தாரு, அதே பொருள் தக்காளிலயும் இயற்கையாவே இருக்கு. சோடியம்னு பாத்தா சாதா உப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான். அப்பாக்கு கவனிக்க வேண்டியது சோயா சாஸ். ஒரு டேபிள்ஸ்பூன்லயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000க்கு கீழன்னு சொல்லுது. சாஸ் போட்டா உப்பு போடாதீங்க, அளவு ஸ்பூன்ல எடுங்க, பாட்டில கவுக்காதீங்க. மத்தத டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பேரு வேண்டாம்: கிம்ச்சி கொண்டு போனா மேனேஜர் மொறைக்கிறாரு.

கருவாட்டுக் கொழம்புக்கு என்ன மரியாதையோ அதேதான். பச்சையா கொண்டு போகாம ஃப்ரைட் ரைஸ்ல வதக்கிடுங்க, நெடி பாதி அடங்கும்.

சென்னை பேச்சிலர் (மறுபடியும்): அக்கா நீங்க சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி ஃபேன் அடியில வெச்சேன், காலைல பாத்தா செம உதிரியா இருக்கு, இப்பதான் வறுத்து டப்பால போட்டேன்!

டேய், ராத்திரி பூராவுமா! ஃபேன் அரை மணி நேரத்துக்குடா, அப்புறம் ஃப்ரிட்ஜ்னு சொன்னேனே. வெந்த அரிசில சாகாம தங்குற கிருமி ஒண்ணு இருக்கு, பேரு பேசில்லஸ் சீரியஸ். சாதம் வெளியவே கெடந்தா அது பெருகி விஷத்த விட்டுடும், அந்த விஷம் எவ்ளோ வறுத்தாலும் போகாது. பழைய சோறு சாப்பிடலயான்னு கேக்காத, அது தண்ணியில ஊறி புளிக்குது, அந்த புளிப்புல இதெல்லாம் லேசுல வளராது, இது வேற. டப்பாவ அப்படியே குப்பைல கொட்டு, நாய்க்கும் வெக்காத. இன்னிக்கு கடையில ரெண்டு இட்லி வாங்கி சாப்பிட்டுக்கோ, நாளைக்கு பாத்துக்கலாம்.